ஏழாம் இலக்கத்தின் நெற்றி

மத்தியானச் சாப்பாடு முடிந்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து, யன்னல்களின் மரத்தட்டிகளைச் சாத்திவிட்டு நான் அறைக்குள் வந்தால், சிஞ்ஞோரே கட்டிலில் சாய்ந்தபடியே கையை நீட்டுவார். மாத்திரை கேட்கிறார் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவருக்கு வேண்டியது அலுமாரிக்கு மேலே இருக்கிற பிஸ்கற் பெட்டி. எழுந்து நின்றால் அவரே எட்டி எடுத்துவிடுவார், அவ்வளவு உயரமான மனிதர். ஆனால் எழும்ப வேண்டுமே. எண்பதைத் தாண்டிய உடம்பு. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே நான்தான் கதிரையில் ஏறி இறங்குவேன்.

பெட்டிக்குள் பன்னிரண்டு அட்டைகள். இத்தாலியில் நாங்கள் இருக்கிற இந்தப் பலேர்மோ நகரத்துக்கென்று பெரிய கூடைப்பந்து அணி ஒன்று இருந்த காலத்தில், சுவிங்கம் பைக்கற்றுக்குள் வைத்து விற்ற விளையாட்டுக்காரர்களின் படங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. கறுப்பு வெள்ளையில் எடுத்து, பிறகு நிறம் தீட்டி அச்சடித்திருக்கிறார்கள். அச்சு கொஞ்சம் விலகியதால் எல்லாருடைய உதட்டுச் சிவப்பும் வாய்க்கு வெளியே நிற்கும். அட்டைகளின் பின்பக்கத்தில் அச்சடித்த சட்டை இலக்கங்கள் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். ஏன் ஒன்றில் தொடங்கவில்லை என்று கேட்டேன். "அது அப்பிடித்தான்" என்றார். நானும் விட்டுவிட்டேன். அதில் பதினோராம் இலக்கம் சிஞ்ஞோரே. கையைத் தலைக்கு மேலே தூக்கி, பந்தைக் கூடைக்குள் போடப் போகிற பாவனையில் நிற்கிறார். நல்ல வடிவான பெடியன்.

அவர் பேசுவது இத்தாலியன், கோபம் வந்தால் சிசிலியன். இத்தனை காலம் கேட்டுக் கேட்டு, அது என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து விழுகிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிஞ்ஞோரே என்றால் ஐயா, என்னைக் கூப்பிடுகிற சிஞ்ஞோரா என்றால் அம்மா.

நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவள். அதைச் சொன்ன நாளில் இருந்துதான் சிஞ்ஞோரே என்னை ஒரு ஆளாக மதிக்கத் தொடங்கினார்.

"எத்தினை பேர் விளையாடுவீங்கள்?"

"ஏழு."

"ஏழு பேரோ? அது சந்தையெல்லோ."

கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர்தானாம். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடலாமாம். நாங்கள் பந்தைப் பிடித்த இடத்தில் காலை ஊன்றி நிற்க வேண்டும், ஓடினால் விசில் அடிப்பார்கள் என்றேன். "ஓடாமல் அது என்ன விளையாட்டு?" என்று சிரித்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. யுத்தத்தில் நாங்கள் ஓடிய ஓட்டம் இவருக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு மத்தியானமும் ஐந்து அட்டைகளைத் தன் பக்கம் அடுக்குவார், ஐந்து எனக்கு. மிச்சம் இரண்டும் தலையணையில் குந்தியிருக்கும். தட்டி இடுக்குகளால் வெயில் கோடு கோடாகக் கட்டிலில் விழும். அந்தக் கோடுகளின் மேல் அட்டைகளை ஒவ்வொன்றாய் நகர்த்துவார். "நாலு பன்னிரண்டுக்குக் குடுக்கிறான். பன்னிரண்டு ஒன்பதுக்கு." பெயர்கள் அவரை விட்டு எப்போதோ போய்விட்டன. இலக்கங்கள் மட்டும் நின்றன. துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் ஊதுவது மூன்றாம் மாடிக்கு மெதுவாகத்தான் வந்து சேரும். சில நாட்களில் அவர் நித்திரையாகிவிடுவார், சில நாட்களில் நான். விளையாட்டு அதுபாட்டில் நடந்துகொண்டிருக்கும். கண் விழித்துப் பார்த்தால் வெயில் கோடுகள் சுவருக்கு ஏறியிருக்கும், யாரோ வென்றிருப்பார்கள்.

இதில் கரைச்சல் ஒன்றுதான். திடீரென்று ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்துக் கேட்பார்.

"ஒன்பது இப்ப என்ன செய்யிறான்?"

"அவர் மோசம் போயிட்டார், சிஞ்ஞோரே."

அவ்வளவுதான். அந்தச் செய்தியை அன்றைக்குத்தான் கேட்கிறவர் போல முகம் இடிந்து, அழுவார். ஒன்பது செத்து எத்தனையோ வருடம். அந்தச் செத்தவீட்டில் சவப்பெட்டி தூக்கியவரே இவர்தானாம். நாளைக்கு மறந்துவிடும். நாளைக்கும் கேட்பார். நாளைக்கும் ஒன்பது சாவார். பொய் சொல்லிப் பார்த்தேன். "சுகமாய் இருக்கிறார்" என்றால், "அப்ப போன் எடும், கதைப்பம்" என்று எழும்பப் பார்ப்பார். என்ன கோதாரி இது என்று குசினிக்குள் போய் நானும் அழுதிருக்கிறேன். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது சிஞ்ஞோரேயும் ஏழாம் இலக்கமும்.

அந்த ஏழு, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் போன் எடுத்தார். நேப்பிள்ஸில் இருக்கிறார். ஐப்பசியில் கப்பலில் வருகிறாராம். மொண்டெல்லோக் கடற்கரையில் மத்தியானச் சாப்பாடு, அன்று பின்னேரமே திரும்பிப் போகிறார். எங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை. அவருடைய முழங்கால் இரண்டும் இரும்பு, மூன்று மாடி ஏற மாட்டார். சிஞ்ஞோரேதான் இறங்கிப் போக வேண்டும். "இதுதான் கடைசி வரவாய் இருக்கும், சிஞ்ஞோரா. எப்பிடியும் கூட்டிக்கொண்டு வாருங்கோ" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

போனை வைத்த பிறகு சிஞ்ஞோரே பிஸ்கற் பெட்டிக்குக் கையை நீட்டினார். பிறகு கேட்டார்.

"நான் அவனைக் கண்டுபோட்டு, நீ ஆரெண்டு கேட்டனெண்டால்?"

"கேக்க மாட்டீங்கள்."

"கேப்பன். அண்டைக்குக் கண்ணாடியிலை என்னைக் கண்டே கேட்டனான்."

நான் கதிரையில் ஏறிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கே படிக்கத் தொடங்கினார். ஆம், படிப்புத்தான். ஏழாம் இலக்கத்தின் அட்டை கையை விட்டு இறங்காது. சாப்பிடும்போது உப்புப் போத்தலில் சாய்த்து வைத்திருப்பார். ஏழு நல்ல சுருள்முடிக்காரர், சிரிக்கிற முகம். அந்த முடியைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, "மயிர் போயிருக்கும்" என்பார். பிறகு வாயை மறைப்பார். "பல்லும் போயிருக்கும்." மிச்சம் இருக்கிற மூக்கையும் நெற்றியையும் வைத்துக்கொண்டு பாடமாக்குவார். காலையில் நான் கேட்பேன், "இது ஆர்?" சில காலைகளில் சொல்வார். சில காலைகளில் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் இலக்கத்தைக் களவாய்ப் பார்ப்பார். நான் காணாதது போல இருப்பேன்.

சோதனைக்குப் படிக்கிற பிள்ளையின் புத்தகத்தை நவராத்திரியில் சரஸ்வதிக்கு முன்னால் வைப்பது எங்கள் வீட்டில் தவறாத வழக்கம். அந்த முறை மகளுக்கும் சோதனை. அவளுடைய புத்தகங்கள் வைப்பேன், அவளுடைய அப்பா தான் வேலை செய்கிற சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடை மரங்களுக்குக் கிளை வெட்டுகிற கத்தரியை வைப்பார். அப்போதுதான் எனக்கு எண்ணம் வந்தது. வேலை வீட்டிலும் ஒரு மாணவர் அல்லவா இருக்கிறார்.

"படிக்கிற ஆளின்ரை பாடத்தைச் சாமிக்கு வைக்கோணும், சிஞ்ஞோரே. இந்தப் பெட்டியை ஒருக்காத் தருவீங்களோ?"

"உங்கடை சாமிக்கு இந்த விளையாட்டுத் தெரியுமோ?"

"அவவுக்கு நாலு கை."

"நாலு கையோ? அப்ப அவவைக் கூடைக்குக் கீழை நிப்பாட்டுவம்" என்று பெட்டியைத் தந்தார்.

வீட்டில் மகள் அட்டைகளைக் கண்டு வாயைப் பிளந்தாள். "அம்மா, உது விண்டேஜ், பழசுக்குத்தான் விலை. ஒன்லைனிலை ஆக்கள் உதுக்கு விசராய் அலையினம். மூலை கூட மடங்கக்கூடாது, கவனம்." மூலை மடங்காமல் கவனமாகத்தான் வரிசையாய் அடுக்கினேன். கடலை அவித்து, அவல் குழைத்து, விளக்கு ஏற்றி, புத்தகங்களுக்குச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். கத்தரிக்கு வைத்தேன். அதே கையோடு அட்டைகளுக்கும் வைத்தேன். புத்தகம் என்றால் மட்டையில் வைக்கலாம். படம் என்று கண்டால் கை எங்கே போகும்? நெற்றிக்குத்தான் போகும். பன்னிரண்டு பெடியன்களும் சிவந்த பொட்டோடு வரிசையாய் நின்றார்கள். எனக்கு வலு சந்தோசம்.

என் மனிசன் தேவாரம் பாட வந்து நின்று, வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்? இதிலை ரெண்டு பேர் உயிரோடையெல்லோ இருக்கினம். இருக்கிற மனிசற்றை படத்துக்குப் பொட்டு வைக்கிறதோ?"

கையில் இருந்த குங்குமச் சிமிழைக் கீழே வைத்தேன். சாமி படத்துக்குப் பொட்டு வைக்கலாம். மனிதரின் படத்துக்கு வைத்தால் அந்த மனிதர் போய்விட்டார் என்று அர்த்தம். இது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு ரி.வி.க்குப் பக்கத்தில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று என் அம்மா. மற்றது என் தம்பி. அம்மாவின் படத்துக்குப் பொட்டு உண்டு, சின்ன மாலையும் உண்டு. தம்பியின் படத்துக்கு ஒன்றும் இல்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனவன். கண்டதாகவும் செய்தி இல்லை, செத்ததாகவும் செய்தி இல்லை. "அவன்ரை படத்துக்குப் பொட்டு வைச்சுப் போடாதை, பிள்ளை" என்று அம்மா ஒவ்வொரு போனிலும் சொல்லுவா. அப்படிச் சொல்லிச் சொல்லியே அவவும் போய்விட்டா. வருடக் கணக்காய் அந்த நெற்றியை நான் காத்து வருகிறேன். வேறு யாரோ பெற்ற பிள்ளைகளின் நெற்றியில் இப்படிக் கை தவறிவிட்டதே என்று பஞ்சை எடுத்து ஏழையும் பதினொன்றையும் துடைத்தேன். பழைய அட்டை. சிவப்பு முழுக்கப் போகவில்லை. இரண்டு பேருக்கும் லேசாய்க் காய்ச்சல் அடிக்கிற மாதிரி நெற்றி ரோசா நிறத்தில் நின்றது. மற்றப் பத்துப் பேருக்கும் பொட்டு அப்படியே இருந்தது. அவர்களுக்கு உரியதுதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விஜயதசமிக்குப் பிறகு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிஞ்ஞோரே முதல் அட்டையை எடுத்தார். ஒன்பது. பொட்டைப் பெருவிரலால் தடவினார்.

"இது என்ன?"

மகள் சொன்ன விண்டேஜ் ஞாபகம் வந்தது. உண்மையையே சொன்னேன். "மோசம் போன ஆக்களின்ரை படத்துக்கு நாங்கள் பொட்டு வைக்கிறனாங்கள்."

ஏசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசவில்லை. ஒவ்வொரு அட்டையாக எடுத்தார். பொட்டைத் தொட்டார், தலையாட்டினார், கட்டிலில் வைத்தார். ஒருவரைப் பற்றியும் கேட்கவில்லை. அழவும் இல்லை. கடைசியில் கையில் இரண்டு மிஞ்சின.

"ஏழுக்கும் எனக்கும் பொட்டில்லை."

"இல்லை."

"அப்ப நாங்கள் இருக்கிறம்."

"இருக்கிறீங்கள், சிஞ்ஞோரே."

அன்றைக்கு நல்ல நித்திரை. அதற்குப் பிறகு வந்த மத்தியானங்களில் ஒன்பது சாகவே இல்லை. பொட்டோடு வந்து, பொட்டோடு விளையாடி, பெட்டிக்குள் போனார். வாயால் சொல்லி அழவைத்த செய்தியை அந்தச் சின்னச் சிவப்பு அழவைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கிழமை முழுக்கத் தலை நிமிர்த்தி நடந்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை எல்லாருக்கும் தெரியும், குரங்கு பிடிக்கப் பிள்ளையார் வந்த கதை என்னுடையதுதான் என்று மனிசனுக்கும் பெருமை அடித்தேன். கண்ணூறு பட்டுவிட்டதுபோல.

ஒரு மத்தியானம் சூப்புக் கோப்பையோடு குனிந்தபோது, சிஞ்ஞோரே என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். நெற்றியைத்தான் பார்த்தார். எத்தனையோ வருடமாக அவர் காணுகிற அதே குங்குமப் பொட்டு. குரலைத் தாழ்த்தி, மிக மரியாதையாகக் கேட்டார்.

"எப்ப நடந்தது, சிஞ்ஞோரா?"

"எது?"

கையால் என் நெற்றியைக் காட்டினார். விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் சிரித்துவிட்டேன். "நான் சாகேல்லை. இது கலியாணம் முடிச்ச பொம்பிளையள் வைக்கிறது."

"ஒன்பதும் கலியாணம் முடிச்சவன்தான்" என்றார்.

அதற்கு மேல் என்ன வழக்குப் பேசுவது? வீட்டில் வந்து சொன்னேன். மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். "செத்தாலும் பரவாயில்லை, இண்டைக்குப் புட்டு அவியும்" என்றார். மகள் அதைத் தன் சிநேகிதிகளுக்கு இத்தாலியனில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டுதான் அடுத்த நாள் வேலைக்குப் போனேன்.

அது நவம்பர் தொடக்கத்தில் வருகிற செத்தவர்களின் திருநாளுக்குக் கடைகள் தயாராகிற காலம். இந்த ஊரில் செத்தவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பிள்ளைகளுக்கு இனிப்பு கொண்டு வருவார்களாம். கண்ணாடிப் பெட்டிகளில் பாதாம் மாவால் செய்த பழங்களும் சீனிப் பொம்மைகளும் நிறைந்திருந்தன. ஆகவே நான் செத்த ஆள் என்று நம்பியும் சிஞ்ஞோரே பயப்படவில்லை. பருப்பு சூப்பைக் குடித்துவிட்டு, "உங்கடை ஆக்கள் நல்லாய்ச் சமைக்கினம்" என்றார். செத்தவர்களைச் சொல்கிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. மத்தியானத்தில் தட்டிகளைச் சாத்தியதும் கேள்விகள் தொடங்கும்.

"அங்கை குளிரோ?"

"இல்லை. இஞ்சை மாதிரித்தான்."

"அப்ப நல்லது. ஒன்பதைக் கண்டால் சொல்லுங்கோ, கடைசிப் பந்தை நான் எறிஞ்சிருக்கக்கூடாது. அவன் வெறுமனை நிண்டவன். அவனிட்டைக் குடுத்திருக்கோணும்."

"சொல்லுறன்."

வெயில் கோடுகள் என் கையிலும் விழுந்திருக்கும். ஆபிரிக்காவில் இருந்து வருகிற சூட்டுக் காற்று தட்டிகளை மெல்ல ஆட்டும். தூரத்தில் கப்பல் ஊதும். எத்தனையோ தரம் செத்திருக்க வேண்டிய ஆள் நான். எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் விழுந்த இடங்களில் நான் மட்டும் எழும்பி நடந்திருக்கிறேன். அந்த அரை நித்திரையில், யார் கண்டது, இவர் சொல்வதுதான் சரியோ என்றுகூட இருக்கும். பயமாக இருக்கவில்லை என்பதுதான் புதினம். தம்பியை அங்கே தேடிப் பார்க்கலாமே என்று ஒரு எண்ணம் வரும். உடனே எழும்பிப் போய்க் கோப்பி வைப்பேன்.

பிறகு ஒருநாள் குளிக்க வார்க்கக் கையைக் கொடுத்தேன். அவர் பிடிக்கவில்லை. கதவைப் பிடித்தார், மேசை விளிம்பைப் பிடித்தார், சுவரைத் தடவிக்கொண்டு போனார். நான் கிட்டப் போகப் போக, கைகளை மார்போடு கட்டிக்கொண்டார்.

"குறை நினையாதேங்கோ, சிஞ்ஞோரா. செத்த ஆக்கள் கை நீட்டினால் பிடிக்கக்கூடாதெண்டு அம்மா சொன்னவ. பிடிச்சால் கூட்டிக்கொண்டு போயிடுவினம்."

என் அம்மாவும் அதையேதான் சொல்லியிருக்கிறா. கனவில் செத்தவர்கள் கூப்பிட்டால் பின்னால் போகாதே என்பா. இதற்கு நான் என்ன நியாயம் சொல்ல? எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மொண்டெல்லோவுக்கு நாலு நாள்தான் இருந்தது. கை பிடிக்காமல் இந்த மனிதரை மூன்று மாடி எப்படி இறக்குவது? விழுந்தால் இடுப்பு போய்விடும். இறங்காவிட்டால் ஏழு கப்பல் ஏறிவிடுவார், இனி ஒருநாளும் வரமாட்டார்.

பொட்டைத் துடைத்தால் முடிந்ததுதானே, முகம் கழுவினால் போகிற பொட்டுத்தானே என்று நீங்கள் கேட்கலாம். கழுவுவது வேறு, துடைப்பது வேறு. கழுவினால் கண்ணாடிக்கு முன்னால் உடனே மற்றதை வைத்துக்கொள்வோம். வேண்டுமென்று துடைத்துவிட்டு வெறும் நெற்றியோடு தெருவில் இறங்குவது புருசன் போன பிறகு செய்கிற வேலை. ஸ்டிக்கர் பொட்டு என்றாலாவது உரித்துக் கண்ணாடியில் ஒட்டிவிடலாம். எனக்கு அது தோலைக் கடிக்கும். ஒரு கிழவரின் கனவுக்காக நான் ஏன் என் மனிசனுக்குக் கேடு நினைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று தெரியாத ஆத்திரம். மிச்ச நாட்களில் அவர் சுவரைப் பிடித்து நடந்தார், நான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். மொண்டெல்லோ போகிற அன்றைக்கு அவர் மனம் மாற வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, ஏழாம் இலக்கத்தின் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சிஞ்ஞோரே வாசல் வரை வந்தார். படியைக் கண்டதும் நின்றார். நான் கையை நீட்டினேன். அவர் கதவு நிலையைக் கட்டிப் பிடித்தார்.

"உங்களோடை வரேலாது, சிஞ்ஞோரா. நான் ஏழிட்டைப் போகோணும். நீங்கள் மற்றப் பக்கம் கொண்டுபோயிடுவீங்கள்."

"நான் மொண்டெல்லோவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போறன். கீழை வான் நிக்குது."

"எல்லாச் செத்தவையும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கீழே தோட்ட முதலாளியின் வான் வண்டியோடு காத்திருந்த என் மனிசன், பொறுமை போய் மேலே ஏறி வந்தார். வந்த கோலத்தைப் பாருங்கள். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று குளித்து, திருநீறு பூசி, நடு நெற்றியில் வட்டமாய்ச் சந்தனப் பொட்டு. சிஞ்ஞோரே அவரைக் கண்டு ஒரு அடி பின்னால் வைத்தார்.

"இப்ப ரெண்டு பேராய் வந்திட்டினம்" என்றார். கண் கலங்கிவிட்டது. "நான் இன்னும் அவனைக் காணேல்லை. கண்டாப் பிறகு கொண்டுபோங்கோவன்."

அந்தக் கெஞ்சலைக் கேட்ட என் மனிசன் பைக்குள் இருந்து கைலேஞ்சியை எடுத்துத் தன்னுடைய சந்தனத்தைத் துடைத்தார், திருநீற்றையும் துடைத்தார். பிறகு லேஞ்சியின் சுத்தமான மூலையைப் பார்த்து மடித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எனக்குப் பயமாய் இருக்குதப்பா."

"இஞ்சை என்னைப் பாரும். நான் நிக்கிறன்தானே. என்னைப் பாத்துக்கொண்டே துடையும்."

அவரைப் பார்த்துக்கொண்டே துடைத்தேன். கண்ணை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கலியாண மேடையில்கூட நாங்கள் இப்படி ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. லேஞ்சியில் சிவப்புப் பட்டது. நெற்றி குளிர்ந்தது.

சிஞ்ஞோரே என் நெற்றியைக் குனிந்து பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "வந்திட்டீங்களோ, சிஞ்ஞோரா?" என்றார். எங்கோ தூரம் போய்த் திரும்பி வந்த ஆளிடம் கேட்கிற கேள்வி. "ஓம், வந்திட்டன்" என்றேன். பெரிய கை, அட்டையில் பந்தைப் பிடித்திருக்கிற அதே கை, என் கையை இறுக்கிப் பிடித்தது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் மனிசன், படிப்படியாக இறங்கினோம்.

மொண்டெல்லோவில் கோடைச் சனம் போய்விட்டது. கடற்கரை மரக் குடில்களையும் கழற்றிவிட்டார்கள். கடல் எண்ணெய் பூசிய மாதிரி அசையாமல் கிடந்தது. வெளியே போட்ட மேசைகளில் கடைசியில் ஒரு கிழவர் இருந்தார். எங்களைக் கண்டு பொல்லை ஊன்றி எழும்பினார். முடி இல்லை, பல் இருந்தது. சிஞ்ஞோரேயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

சிஞ்ஞோரே நின்றுவிட்டார். பார்த்தார். என் கையை விடவில்லை. ஏழு என்று காதுக்குள் சொல்லிக் கொடுக்க என் நாக்கு துடித்தது. மனிசன் கண்ணால் வேண்டாம் என்றார். சிஞ்ஞோரே பையில் இருந்து அட்டையை எடுத்தார். சுருள்முடியைப் பெருவிரலால் மறைத்தார். எதிரே நின்றவரைப் பார்த்தார். வாயை மறைத்துப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"தெரியேல்லை" என்றார். "இவ்வளவு படிச்சும் தெரியேல்லை."

அந்தக் கிழவரின் முகம் விழுந்துபோயிற்று. பொல்லோடு அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு கைக்காரி இப்படிக் கைவிட்டுவிட்டாளே என்று சரஸ்வதியைத் திட்டினேன்.

சிஞ்ஞோரே என் கையை விட்டார். யாரையும் பிடிக்காமல் தானாக முன்னால் நடந்து போனார். அந்த மனிதரின் நெற்றியில் தன் பெருவிரலை வைத்து, அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார்.

"பொட்டில்லை" என்றார். "ஏழுக்கும் எனக்கும்தான் பொட்டில்லை." தன்னையும் அவரையும் விரலால் காட்டி எண்ணினார். "அப்ப நீ ஏழு."

பொட்டுக் கதை எதுவும் அறியாத மனிதர் அவர். ஆனால் தன்னுடைய இலக்கத்தைக் கேட்டதும் வாய் கோணி, பொல்லை விட்டுவிட்டு, சிஞ்ஞோரேயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரும் தன் விரலால் சிஞ்ஞோரேயின் நெற்றியைத் தேய்த்து, "உனக்கும் இல்லை" என்றார். ஏன் என்று கேட்கவே இல்லை. பழைய விளையாட்டுக்காரர்கள். பந்து வந்தால் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர்கள்.

மீன் சாப்பிட்டார்கள், வைன் குடித்தார்கள், கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் ஒரு தரம், "அந்தக் கடைசிப் பந்து" என்று சிஞ்ஞோரே தொடங்கினார். "ஒன்பது வெறுமனை நிண்டவன்" என்று ஏழு முடித்தார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். வெயில் சாயும்போது ஏழு துறைமுகத்துக்குப் போனார். திரும்பி வருகிற வழி முழுக்கச் சிஞ்ஞோரே என் கையைப் பிடித்தபடியே வானுக்குள் நித்திரையாகிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனிசன் சப்பாத்தைக் கழற்றாமலே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து நீட்டினார்.

"இந்தாரும். முதல்லை வையும்."

தொட்டு வைத்துக்கொண்டேன். வலது கை விரலில் மிச்சச் சிவப்பு இருந்தது. ரி.வி.க்குப் பக்கத்தில் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கிட்டப் போனேன். இடது பெருவிரலால் தம்பியின் நெற்றியை அழுத்தித் தேய்த்தேன். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். தூசிதான் இருந்தது.

"பொட்டில்லை" என்றேன்.

அவர் சிமிழை மூடினார்.

"ஓம்" என்றார். "இல்லை."